கொஸ்டின் டேக் எங்கே தவறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, “அப்படித்தானே?” என்று எதிரே இருப்பவரிடம் உறுதி கேட்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சின்னக் கேள்விதான் கொஸ்டின் டேக். பிளஸ் டூ மாணவருக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி. வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகக் காத்திருக்கும் நம் குமரி மாவட்டத்துச் செவிலியருக்கும், கன்னியாகுமரி படகுத்துறையிலும் விடுதி வரவேற்பறையிலும் வெளியூர்ப் பயணிகளோடு பேச வேண்டியவருக்கும் அது நாள் முழுக்க வாயில் வந்தாக வேண்டிய ஒன்று.

இதை விதிப் பட்டியலாகவே கற்றுத் தருகிறார்கள். பட்டியல் தேர்வு அறையில் ஓரளவு கைகொடுக்கும்; பேச்சில் கைவிட்டுவிடும். வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: டேக் தப்பாக வந்தால் மாணவர்கள் அந்த டேக்கையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். கோளாறு இருப்பதோ காற்புள்ளிக்கு முன்னால், வாக்கியத்தின் வினைச்சொல்லில். அதைச் சரியாகப் பார்த்துவிட்டால் டேக் தானாக வந்து விழும். ஆகையால் ஒவ்வொரு அறிகுறிக்கும் வாக்கியத்தில் எந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை. வாக்கியத்தில் துணை வினை (‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேவ்’, ‘டிட்’, ‘வில்’ போன்ற சொல்) எது என்று பாருங்கள். அதை அப்படியே எடுத்து, வாக்கியம் ‘ஆம்’ என்றால் டேக்கை ‘இல்லை’ ஆக்குங்கள், வாக்கியம் ‘இல்லை’ என்றால் டேக்கை ‘ஆம்’ ஆக்குங்கள். எழுவாய்க்கு உரிய பிரதிப்பெயரைக் கடைசியில் வையுங்கள். “தி ஸ்டாச்சூ வாஸ் அன்வெய்ல்ட் இன் 2000” என்பது குமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையைப் பற்றிய வாக்கியம். துணை வினை ‘வாஸ்’. வாக்கியம் உடன்பாடு, ஆகவே ‘வாஸ்ன்ட்’. சிலை அஃறிணை, ஆகவே ‘இட்’. “வாஸ்ன்ட் இட்?” என்று முடிகிறது. பெரும்பாலான வாக்கியங்களுக்கு இவ்வளவு போதும்.

அறிகுறி: எதைச் சொன்னாலும் கடைசியில் “இஸ்ன்ட் இட்?” வந்துவிடுகிறது

“யூ ஆர் ஃப்ரம் குளச்சல், இஸ்ன்ட் இட்?” “தே வென்ட் டு திற்பரப்பு, இஸ்ன்ட் இட்?” இந்தியா முழுக்கக் காதில் விழும் பழக்கம் இது. இதற்குக் காரணம் நம் தாய்மொழி. தமிழில் ‘இல்லையா’, ‘தானே’, ‘அல்லவா’ ஆகியவை எந்த வாக்கியத்தோடும் மாறாமல் ஒட்டும். நீ வந்தாய், அவர்கள் போனார்கள், நாளைக்கு மழை பெய்யும் என்று எதைச் சொன்னாலும் வால் ஒன்றுதான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளமும் பேசும் வீடுகளில் ‘அல்லே’ என்பார்கள், அதுவும் மாறாது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் இப்படி எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தும் வால்கள் இருக்கின்றன. வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுகிற ஆங்கில முறைதான் அரிதானது. ஆகவே இந்தத் தவறு செய்கிறவர் அறிவுக் குறைவால் செய்யவில்லை. இரண்டு மொழிகளிலும் பழகிய ஒழுங்கை மூன்றாவதிலும் தேடுகிறார். இதற்காகப் பிள்ளைகளைக் கேலி செய்யும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

திருத்தம்: “இஸ்ன்ட் இட்?” நாக்கில் வந்ததும் வாக்கியத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்: ‘இஸ்’ என்ற வினை, ‘இட்’ என்று குறிப்பிடக்கூடிய அஃறிணை எழுவாய். இரண்டும் இருந்தால் மட்டுமே அந்த டேக் நிற்கும். “தி பஸ் இஸ் லேட், இஸ்ன்ட் இட்?” சரி. குளச்சல்காரரிடம் “ஆரன்ட் யூ?” என்றுதான் கேட்க வேண்டும். திற்பரப்புக்குப் போனவர்களுக்கு “டிட்ன்ட் தே?”

அறிகுறி: வாக்கியத்தில் துணை வினையே தென்படவில்லை

“தே வென்ட்” என்பதில் துணை வினை எங்கே? ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவர வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். “தே டிட்ன்ட் கோ” என்று வருகிறது அல்லவா? அந்த ‘டிட்’தான். “ஷி டீச்சஸ் இன் தக்கலை” என்பதை எதிர்மறையாக்கினால் “ஷி டஸ்ன்ட் டீச்”, எனவே “டஸ்ன்ட் ஷி?” “த மாத்தூர் அக்குவடக்ட் கேரீஸ் வாட்டர்” என்று தொட்டிப்பாலத்தைப் பற்றிச் சொன்னால் “டஸ்ன்ட் இட்?” நிகழ்காலத்தில் வினையின் கடைசியில் ‘எஸ்’ இருந்தால் ‘டஸ்ன்ட்’, இல்லாவிட்டால் ‘டோன்ட்’, இறந்தகாலத்துக்கு ‘டிட்ன்ட்’. எதிர்மறையாக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்று கைவந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. சில வினைகளுக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே உருவம்: புட், கட், ஹிட், பீட். வரலாற்றுப் பாடத்திலிருந்து ஒரு வாக்கியம்: “மார்த்தாண்ட வர்மா பீட் தி டச் அட் குளச்சல் இன் 1741.” ஆண்டைப் பார்த்தாலே இறந்தகாலம் என்று தெரிகிறது, “டிட்ன்ட் ஹி?” ஆண்டு இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். எழுவாய் ஒருமைப் படர்க்கை; நிகழ்காலமாக இருந்தால் ‘பீட்ஸ்’ என்று ‘எஸ்’ வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆகவே இறந்தகாலம். கேள்வித்தாள் அமைப்பவர்கள் இந்த இடத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள். ‘ரீட்’ என்ற வினையும் இப்படித்தான். எழுத்தில் இரண்டு காலமும் ஒன்று, உச்சரிப்பில்தான் வேறு. அதற்கும் இதே ‘எஸ்’ சோதனை.

அறிகுறி: ‘ஹேவ்’ இருக்கும் இடத்தில் இரண்டு விடைகள் தோன்றுகின்றன

“யூ ஹேவ் எ டிக்கெட்” என்பதற்கு ‘ஹேவன்ட் யூ’வா, ‘டோன்ட் யூ’வா? ‘ஹேவ்’ இங்கே என்ன வேலை பார்க்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின்னால் இன்னொரு வினை அதன் மூன்றாம் வடிவத்தில் வந்தால் ‘ஹேவ்’ துணை வினை: “யூ ஹேவ் புக்ட் எ டிக்கெட், ஹேவன்ட் யூ?” பின்னால் வெறும் பெயர்ச்சொல் வந்தால் ‘ஹேவ்’ முதன்மை வினை, ‘உன்னிடம் இருக்கிறது’ என்று பொருள்: “யூ ஹேவ் எ டிக்கெட், டோன்ட் யூ?” பழைய பிரிட்டிஷ் வழக்கில் இதற்கும் ‘ஹேவன்ட் யூ’ போடுவார்கள், அதைத் தப்பு என்று அடிக்கக் கூடாது. ஆனால் இன்று உலகெங்கும் பழக்கத்தில் இருப்பது ‘டோன்ட் யூ’.

‘ஹேவ் டு’ என்று வந்தால் கட்டாயம். அதற்கும் ‘டோன்ட்’தான்: “வி ஹேவ் டு சேஞ்ச் அட் மார்த்தாண்டம், டோன்ட் வி?” மார்த்தாண்டத்தில் பஸ் மாற வேண்டும், அப்படித்தானே என்று பொருள்.

இதன் தங்கைதான் சுருக்கக் குறிக் குழப்பம். “இட்’ஸ் ரெய்ன்ட் அட் பேச்சிப்பாறை” என்றால் அந்த ‘எஸ்’ எதன் சுருக்கம்? ‘இஸ்’ என்று நினைத்து ‘இஸ்ன்ட் இட்’ போட்டுவிடுவார்கள். பின்னால் வரும் வினையைப் பாருங்கள். ‘ரெய்னிங்’ என்றிருந்தால் ‘இஸ்’, மழை பெய்துகொண்டிருக்கிறது. ‘ரெய்ன்ட்’ என்றிருப்பதால் ‘ஹேஸ்’, மழை பெய்திருக்கிறது, “ஹேஸ்ன்ட் இட்?” ‘டி’ என்ற எழுத்தில் முடியும் சுருக்கத்திலும் இதே சோதனை. அதன் பின்னால் வினையின் முதல் வடிவம் வந்தால் ‘வுட்’, மூன்றாம் வடிவம் வந்தால் ‘ஹேட்’. “ஹி’ட் லைக் சம் டீ, வுட்ன்ட் ஹி?” “ஹி’ட் லெஃப்ட் பை தென், ஹேட்ன்ட் ஹி?” இதற்கு அடங்காதது ‘பெட்டர்’ மட்டும், “ஹி’ட் பெட்டர் டேக் தி ஏர்லி பஸ்” என்றால் முதல் வடிவம் வந்தாலும் ‘ஹேட்ன்ட் ஹி’தான்.

அறிகுறி: ‘நாட்’ இல்லாத வாக்கியத்துக்கு எதிர்மறை டேக் போட்டேன், தப்பு என்கிறார்கள்

வாக்கியத்தில் ‘நாட்’ இல்லாவிட்டாலும் எதிர்மறை வேறு உருவத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். நெவர், ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, செல்டம், ரேர்லி ஆகிய சொற்கள் வாக்கியத்தை எதிர்மறையாக்கிவிடுகின்றன. ஆகவே டேக் உடன்பாடாக வரும். “ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?” அவர் பேசுவதே அபூர்வம், அப்படித்தானே என்று பொருள்.

இவற்றில் கூர்ந்து பார்க்க வேண்டியவை ‘ஃபியூ’வும் ‘எ ஃபியூ’வும். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் குளச்சலைப் பற்றி “ஃபியூ போட்ஸ் கோ அவுட் இன் ஜூன், டூ தே?” என்று கேட்கலாம். ‘ஃபியூ’ என்றால் அனேகமாகப் போவதே இல்லை என்ற இன்மைப் பொருள். ஆகவே டேக் உடன்பாடு. தடை முடிந்தபின், “எ ஃபியூ போட்ஸ் ஹேவ் கம் பேக், ஹேவன்ட் தே?” என்றால் சில படகுகள் திரும்பி வந்திருக்கின்றன, ‘எ’ என்ற ஓரெழுத்து சேர்ந்ததும் உடன்பாடாகிவிட்டது, டேக் எதிர்மறை. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும் இதே வேறுபாடு.

நோபடி, நத்திங் என்ற எழுவாய்களும் எதிர்மறைதான். “நோபடி பேத்ஸ் ஹியர், டூ தே?” முட்டம் பாறைகளின் அருகே நின்று கேட்கத் தகுந்த கேள்வி. ‘நத்திங்’ வந்தால் பிரதிப்பெயர் ‘இட்’.

அறிகுறி: வினை சரி, பிரதிப்பெயர் தப்பு

எவ்ரிபடி, சம்படி, நோபடி ஆகியவற்றுக்கு வாக்கியத்தில் ஒருமை வினை, டேக்கில் ‘தே’. “எவ்ரிபடி இஸ் ரெடி, ஆரன்ட் தே?” வினையும் பன்மைக்கு மாறுவதைக் கவனியுங்கள். ‘திஸ்’, ‘தட்’ இரண்டுக்கும் ‘இட்’. ‘தேர்’ என்று தொடங்கினால் அதுவே டேக்கிலும் வரும்: “தேர் ஆர் மெனி விண்ட்மில்ஸ் அட் ஆரல்வாய்மொழி, ஆரன்ட் தேர்?” இங்கே ‘தே’ போடுவது மிகச் சாதாரணமான பிழை. பெயர்ச்சொல்லை அப்படியே டேக்கில் திரும்பச் சொல்வதும் கூடாது.

அறிகுறி: விதிப்படி செய்தும் விநோதமாக ஒலிக்கிறது

“ஐ ஆம் லேட்” என்பதற்கு விதிப்படி ‘ஆம்ன்ட் ஐ’ வர வேண்டும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. மற்ற இடங்களில் “ஆரன்ட் ஐ?” என்பதே வழக்கு, தேர்விலும் அதுவே விடை. வாக்கியம் எதிர்மறையானால் சிக்கல் இல்லை: “ஐ ஆம் நாட் லேட், ஆம் ஐ?” ‘லெட்ஸ்’ என்று தொடங்கினால் ‘ஷல் வி?’ கட்டளைக்கு ‘வில் யூ?’ உபசரிப்புக்கு ‘வோன்ட் யூ?’ பொருத்தம்: “ஹேவ் சம் டீ, வோன்ட் யூ?” ‘யூஸ்ட் டு’ வந்தால் ‘டிட்ன்ட்’. இவற்றுக்குக் காரணம் தேடி மல்லுக்கட்ட வேண்டாம். நாலைந்துதான், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அறிகுறி: வாக்கியம் நீளமாக இருந்தால் எந்த வினைக்கு டேக் என்று தெரியவில்லை

‘பட்’, ‘அண்ட்’ போட்டு இணைத்த வாக்கியத்தில் கடைசியாகச் சொன்னதற்கே டேக். பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில்; பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. “தி பேலஸ் இஸ் இன் தமிழ்நாடு, பட் கேரளா மெயின்டெய்ன்ஸ் இட், டஸ்ன்ட் இட்?” இங்கே டேக்கில் வரும் ‘இட்’ கேரளத்தைக் குறிக்கிறது, அரண்மனையை அல்ல. ‘இஸ்ன்ட் இட்’ என்று முடித்தால் பார்வை முன்பாதிக்குத் தாவிவிட்டது என்று பொருள்.

“ஐ திங்க்” என்று தொடங்கினால் மட்டும் வேறு கணக்கு. ‘நான் நினைக்கிறேன்’ என்பது அங்கே வெறும் முன்னுரை. நான் என்ன நினைக்கிறேன் என்று அடுத்தவரிடம் யாரும் உறுதி கேட்பதில்லை. ஆகவே டேக் உள்ளே இருக்கும் செய்திக்கு: “ஐ திங்க் தி பஸ் ஹேஸ் லெஃப்ட், ஹேஸ்ன்ட் இட்?” “ஐ டோன்ட் திங்க் இட் வில் ரெய்ன், வில் இட்?” என்பதில் எதிர்மறை முன்னுரையில் இருந்தாலும் பொருள் ‘மழை பெய்யாது’ என்பதால் டேக் உடன்பாடு. எழுவாய் மாறி “ஹி திங்க்ஸ்” என்று வந்தால் அவர் நினைப்பதே செய்தி; அப்போது ‘டஸ்ன்ட் ஹி’.

அறிகுறி: டேக் சரி, ஆனால் கேட்டவர் பதில் சொல்லாமல் விழிக்கிறார்

குரலைப் பாருங்கள். டேக்கின் கடைசியில் குரல் ஏறினால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறீர்கள். இறங்கினால் தெரிந்ததை ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் “இட்’ஸ் ஹாட், இஸ்ன்ட் இட்?” என்று குரலை ஏற்றினால், வெயில் அடிக்கிறதா என்பதே உங்களுக்குச் சந்தேகம் போல் ஒலிக்கும். இறக்குங்கள். “திஸ் பஸ் கோஸ் டு தோவாளை, டஸ்ன்ட் இட்?” என்று ஏறுமுன் கேட்கும்போது ஏற்றுங்கள். நேர்முகத் தேர்வில் எல்லா டேக்கையும் ஏற்றியே பேசுகிறவர் தான் சொல்வதிலேயே உறுதி இல்லாதவர் போல் தெரிவார்.

வெளிநாட்டுப் பயணி ஒருவர் “ஸோ யூ ஆர் ஃப்ரம் நாகர்கோவில், ஆர் யூ?” என்று உடன்பாட்டோடு உடன்பாட்டையே சேர்த்துக் கேட்டால் அது பிழை அல்ல. அப்போதுதான் தெரிந்துகொண்ட செய்தியை ஆர்வத்தோடு திருப்பிச் சொல்லும் முறை அது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

அறிகுறி: நான் சொன்ன ‘எஸ்’ஸை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டார்

எல்லாவற்றிலும் கவலைக்குரியது இது. மேலே சொன்னவற்றில் பிழை வந்தால் மதிப்பெண் போகும், அல்லது பேச்சு கரடுமுரடாக ஒலிக்கும். இங்கே பிழை வந்தால் செய்தியே மாறிவிடும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. தக்கலையில் ஒரு பயணி, “தி பேலஸ் இஸ்ன்ட் ஓபன் ஆன் மண்டேஸ், இஸ் இட்?” என்று கேட்கிறார். நம் மனம் தமிழில் யோசிக்கிறது: திறக்காது, அப்படித்தானே? ஆமாம், திறக்காது. வாயில் ‘எஸ்’ வந்துவிடுகிறது. அவர் காதில் விழுவது ‘எஸ், இட் இஸ்’: திறந்திருக்கும். தமிழில் ‘ஆமாம்’ என்பது கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது. ஆங்கிலத்தில் ‘எஸ்’ஸும் ‘நோ’வும் கேட்டவரைப் பார்ப்பதே இல்லை, நடப்பை மட்டும் பார்க்கின்றன. நடப்பு உடன்பாடு என்றால் ‘எஸ்’. நடப்பு எதிர்மறை என்றால் ‘நோ’. அரண்மனை திறக்காது, ஆகவே “நோ, இட் இஸ்ன்ட்.”

திருத்தம் இரண்டு படி. கேள்வியில் உள்ள ‘நாட்’டைக் காதிலிருந்து அழித்துவிடுங்கள், ‘திங்கள்கிழமை திறந்திருக்குமா?’ என்று நேராகக் கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அடுத்தது, ‘எஸ்’ அல்லது ‘நோ’வோடு நிறுத்தாமல் குட்டி வாக்கியத்தையும் சேருங்கள். கடல் கொந்தளிப்பால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்பட்ட நாளில் “தி ஃபெரி இஸ்ன்ட் ரன்னிங், இஸ் இட்?” என்று கேட்பவரிடம் “நோ, இட் இஸ்ன்ட். தி ஸீ இஸ் ரஃப்” என்று முழுதாகச் சொன்னால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

செவிலியர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளியிடம் “யூ ஆரன்ட் அலர்ஜிக் டு பெனிசிலின், ஆர் யூ?” என்று கேட்காதீர்கள். இலக்கணத்தில் அது மாசற்ற வாக்கியம். ஆனால் நம்மைப் போலவே ‘ஆமாம், இல்லை’ என்று பதில் சொல்லும் மொழிகளைப் பேசும் நோயாளிகள் வளைகுடாவிலும் உண்டு, பிரிட்டனிலும் உண்டு. அவர் ‘எஸ்’ என்றால் ஒவ்வாமை இருக்கிறதா, இல்லையா? இது மருந்து விஷயம். “ஆர் யூ அலர்ஜிக் டு எனி மெடிசின்?” என்று நேராகக் கேளுங்கள். உங்களிடம் மருத்துவர் டேக் போட்டுக் கேட்டால், ஒற்றைச் சொல்லில் விடை சொல்லாமல் “நோ, ஷி ஹேஸ்ன்ட் ஹேட் தி இன்ஜெக்‌ஷன்” என்று செய்தியையே திருப்பிச் சொல்லுங்கள். ஊசி போடவில்லை என்பது இருவருக்கும் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

அறிகுறி: எழுதினால் சரியாக வருகிறது, பேசும் வேகத்தில் வரவில்லை

இது கோளாறு அல்ல, பயிற்சிக் குறைவு. தாளை மூடிவிட்டு வாயால் பயிலுங்கள். நீங்கள் தினமும் உண்மையிலேயே சொல்லக்கூடிய வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வடசேரியில் பஸ் ஏறுவது, ரப்பர் பால் விலை, அம்மாவின் மருந்து, நாளைய வகுப்பு. ஒருவர் வாக்கியம் சொல்ல, இன்னொருவர் டேக்கை மட்டும் சொல்லட்டும். பிறகு முதலாமவர் முழுப் பதில் சொல்லட்டும். வீட்டில் இருவர் இருந்தால் போதும். பாடப்புத்தக வாக்கியங்களைவிட இவை வேகமாகப் படியும், காரணம் வினைச்சொல் உங்கள் வாயில் ஏற்கெனவே புழங்குவது.

அதுவரை பேச்சு நின்றுவிடக் கூடாது என்றால், டேக் வராத இடத்தில் “ரைட்?” என்று முடியுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். எந்த வினைக்கும் பொருந்தும், ‘இஸ்ன்ட் இட்’ போல உறுத்தாது. தேர்வுத் தாளில் மட்டும் அதற்கு மதிப்பெண் கிடையாது. அங்கே காற்புள்ளி, டேக் எதிர்மறையானால் சுருக்கக் குறி, பிரதிப்பெயர், கடைசியில் கேள்விக்குறி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள்.